ஆசிரியர் தகுதி: சரிபார்ப்பது யார் பொறுப்பு?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நம் பள்ளிகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் வேறு பேச்சில்லை. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ‘டெட்’ எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி பெற்றாக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்று நிறைய விவாதித்துவிட்டோம். ஓர் ஆசிரியரின் தகுதியை யார், எந்த ஆவணத்தை வைத்துச் சரிபார்ப்பது, அந்தப் பதிவை யார் பாதுகாப்பது என்ற கேள்விதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. தீர்ப்பை நடைமுறைப்படுத்தப்போகும் மாவட்டக் கல்வி அலுவலகங்களுக்கு முன்னால் இருப்பது அந்தக் கேள்விதான்.

பிறந்த மாதம் முடிவு செய்யும் வேலை

தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறிவிட வேண்டும். தேறாதவர்கள் பணியிலிருந்து விலகலாம். இல்லையென்றால், கட்டாய ஓய்வு. ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலமே இருப்பவர்கள் தேர்வு எழுதாமலேயே பணியில் தொடரலாம்; ஆனால், பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பது கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் மறுஆய்வு கோரின.

இதை ஓர் அலுவலகத்தின் மேசையில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. 1970 ஆகஸ்டில் பிறந்த இடைநிலை ஆசிரியர் 2030 ஆகஸ்ட் 31-ல் ஓய்வு பெறுகிறார். தீர்ப்பு நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. அவர் தேர்வு எழுத வேண்டியதில்லை. பக்கத்து வகுப்பறையில் இருப்பவர் அதே ஆண்டு அக்டோபரில் பிறந்தவர். அவர் தேறியாக வேண்டும், இல்லையேல் வேலை போகும். இருவரின் வாழ்க்கையையும் பிரிப்பது பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில், எப்போதோ ஓர் எழுத்தர் கையால் எழுதிய ஒரு வரி.

பிறந்த தேதி மட்டுமல்ல. எந்த நாளில், எந்தப் பதவியில் நியமனம்? அப்போது நடைமுறையில் இருந்த விதி எது? ஏற்கெனவே தகுதித் தேர்வில் தேறியிருந்தால் அது தாள் ஒன்றா, இரண்டா? பதவி உயர்வில் வந்தவரா, நேரடி நியமனமா? தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்தத் தீர்ப்பின் வரம்புக்குள் வருவதாகச் சொல்லப்படுகிறது. அத்தனை பேருக்கும் இந்தக் கேள்விகளுக்குச் சரியான விடை, சரிபார்க்கப்பட்ட விடை, ஓரிடத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா?

இல்லை என்று அந்த அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களே சொல்வார்கள். பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் ஆசிரியர் விவரம் இருக்கிறது. ஆனால், அது பள்ளியில் உட்கார்ந்து தட்டச்சு செய்த விவரம். சம்பளப் பட்டியல் அரசின் ‘களஞ்சியம்’ மென்பொருள் வழியாகப் போகிறது. அதில் ஊதியக் கணக்கு துல்லியமாக இருக்கும். மூலச் சான்றிதழ் உண்மையானது என்று வழங்கிய நிறுவனமே உறுதிசெய்த கடிதமோ, பணிப்பதிவேட்டோடு தைத்த காகிதமாக, ஏதோ ஓர் இரும்பு அலமாரியில் கிடக்கிறது. தொடக்கக் கல்வி நிர்வாகம் 2018-ல் ஒருமுறை கலைத்துச் சேர்க்கப்பட்டது. 2022-ல் மீண்டும் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பள்ளிகள் அலுவலகம் மாறின. கோப்புகளும் கூடவே பயணம் செய்தன. எல்லாக் கோப்புகளும் போய்ச் சேர்ந்தன என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

‘உண்மைத்தன்மை வந்துவிட்டதா?’

அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும். வெளியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பணி நியமனத்துக்கு முன்பு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துவது சான்றிதழ் சரிபார்ப்பு. மூலச் சான்றிதழையும் நகலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த மூலச் சான்றிதழே உண்மையானதுதானா என்று, அதை வழங்கிய நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவது உண்மைத்தன்மைச் சான்று. முதலாவது சில நிமிடங்களில் முடிகிறது. இரண்டாவது சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

ஓர் இடைநிலை ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மூன்றுக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் பதில் தர வேண்டும். பிறகு அஞ்சல்வழியில் முடித்த இளங்கலைக்கு ஒரு பல்கலைக்கழகம், பி.எட். பட்டத்துக்கு இன்னொரு பல்கலைக்கழகம். கல்வியியல் பல்கலைக்கழகம் என்று தனியாக ஒன்று 2008-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பி.எட். முடித்தவர்களின் பதிவுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை, நெல்லை என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் கிடக்கின்றன.

தலைமை ஆசிரியரின் முகப்புக் கடிதம், சான்றொப்பமிட்ட நகல்கள், ஆசிரியை தன் கைக்காசில் எடுத்த வரைவோலை எல்லாம் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கே அந்த இருக்கையில் இருப்பவர் விடுப்பு. பிறகு தபாலில் பல்கலைக்கழகம். அங்கே ‘கட்டணம் உயர்த்தப்பட்டுவிட்டது, மீதித் தொகைக்கு வரைவோலை அனுப்பவும்’ என்று திரும்பி வருகிறது. மீதித் தொகை போய்ச் சேர்வதற்குள், முதல் வரைவோலையின் மூன்று மாதக் கெடு முடிந்துவிடுகிறது. கடைசியில் பதில் வரும்போது ஆசிரியை இடமாறுதலில் வேறு ஒன்றியத்துக்குப் போயிருக்கிறார். பழைய அலுவலகத்தின் தபால் கட்டில் அந்தக் கடிதம் படுத்திருக்கிறது.

அதுவரை தகுதிகாண் பருவம் முடிந்ததற்கான ஆணை நிற்கும். தேர்வுநிலை நிற்கும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு இருக்கும். தப்பு ஏதும் செய்யாத ஒருவர், தான் தப்பு செய்யவில்லை என்பதை நிரூபிக்க விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் வரிசையில் நிற்கிறார். அன்றைக்கு அவர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. ஈராசிரியர் பள்ளி என்றால், இன்னொரு ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

இதில் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வழங்கிய அரசுத் தேர்வுகள் இயக்ககமும், அதன் உண்மைத்தன்மையைக் கேட்கும் கல்வி அலுவலகமும் பள்ளிக் கல்வித் துறை என்ற ஒரே துறையின் இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே ஆசிரியர் எதற்காக ஓட வேண்டும்?

போலிகளுக்குத் தேவைப்படும் இடைவெளி

இவ்வளவு அலைக்கழிப்பும் போலிச் சான்றிதழ்களைத் தடுத்திருந்தாலாவது ஆறுதல் கொள்ளலாம். பத்து, இருபது ஆண்டுகள் பணியாற்றிய பிறகு மதிப்பெண் சான்றிதழ் போலி என்று கண்டுபிடிக்கப்பட்டு வழக்குப் பதிவாகும் செய்திகள் தமிழ்நாட்டிலும் அவ்வப்போது வருகின்றன. கடிதமும் பதிலும் ஆண்டுக்கணக்கில் தாமதமாவது இயல்பு என்று ஆகிவிட்ட இடத்தில், பதிலே வராத ஒரு கோப்பு யார் கண்ணையும் உறுத்துவதில்லை. நேர்மையான ஆசிரியரை வதைக்கும் அதே தாமதம்தான் போலிக்கு மறைவிடம் தருகிறது.

உத்தரப் பிரதேசத்தில் 2020-ல் வெளிவந்த மோசடியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளில், ஒரே பெண்ணின் பெயரையும் சான்றிதழ்களையும் காட்டிப் பல மாவட்டங்களில் வேறு வேறு ஆட்கள் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் விவரங்களை மாநில அளவில் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க முனைந்தபோதுதான் அது அம்பலமானது. அந்தச் சான்றிதழ்களின் உண்மையான சொந்தக்காரர் கோண்டா மாவட்டத்தில் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார். போலியால் ஏமாற்றப்படுவது அரசு கஜானா மட்டுமல்ல. படித்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவரும்தான்.

பிகாரில் 2015-ல் பாட்னா உயர் நீதிமன்றம், போலிச் சான்றிதழில் சேர்ந்தவர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டால் நடவடிக்கை இருக்காது என்று அவகாசம் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். மற்றவர்களை விசாரிக்கப் போன கண்காணிப்புத் துறைக்கோ, பல ஆயிரம் ஆசிரியர்களின் நியமனக் கோப்புகளே கிடைக்கவில்லை. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நீதிமன்ற உத்தரவு இருந்தது, விசாரிக்க ஆளும் இருந்தது. சரிபார்க்கக் காகிதம் இல்லை.

ஒருமுறை பார்த்தால் போதாது

பணியில் சேரும்போது ஒருமுறை சான்றிதழைப் பார்த்துவிட்டால் ஓய்வுபெறும் வரை அதைத் திறக்கவே வேண்டாம் என்ற எண்ணம் நம் நிர்வாகத்தில் ஊறிப்போயிருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளின் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் குறைந்தபட்சத் தகுதியை அறிவித்தது. தமிழ்நாடு 2011 நவம்பரில் தகுதித் தேர்வுக்கான அரசாணையை வெளியிட்டது. தேர்வுச் சான்றிதழ் ஏழு ஆண்டுகள் செல்லும் என்று தொடங்கினார்கள். 2021-ல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றினார்கள். காலாவதியாகிவிட்டது என்று நினைத்துச் சான்றிதழைப் பரணில் போட்டவர்கள் அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளியில் கற்பிக்கலாம் என்று 2018-ல் குழுமம் அனுமதித்தது. அந்த அறிவிப்பு செல்லாது என்று 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தேதிக்கு முன்பு சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, பின்பு சேர்ந்தவர்களுக்கு இல்லை. ஆக, ஒரே பட்டம் 2022-ல் ஒருவருக்குத் தகுதி. 2024-ல் இன்னொருவருக்குத் தகுதிக் குறைவு. விதி மாறும்போதெல்லாம் ஒவ்வோர் ஆசிரியரின் நிலையும் மாறுகிறதா என்று பார்த்து, அவருக்கு எழுத்துமூலம் சொல்ல வேண்டிய கடமை யாருடையது? இன்றைய நிலையில் ஆசிரியர்கள் இதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அரசின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். தகுதித் தேர்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது குழுமத்தின் 2011-ம் ஆண்டு வழிகாட்டுதல். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,500-ஐத் தொடவில்லை. 2013-க்குப் பிறகு அடுத்த பொதுத் தேர்வு 2017-ல். பிறகு 2019, 2022, 2025. தேர்வே நடக்காத ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, ‘இவ்வளவு காலம் ஏன் எழுதவில்லை’ என்று இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியரைக் கேட்பது நியாயமாகப் படவில்லை. அன்றைய விதிப்படி, வேலைவாய்ப்பக மூப்பில் முறையாக வந்தவர்கள் அவர்களில் பலர். குழந்தைக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தத் தகுதியைப் பெறும் வாய்ப்பை முறையாகத் தருவதும் அந்தக் குழந்தைக்குச் செய்யும் கடமைதான்.

தனியார் பள்ளிகளின் நிலை

சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தகுதி சுயநிதிப் பள்ளிகளுக்கும் உண்டு. அங்கீகாரம் புதுப்பிக்கும்போது ஆசிரியர் பட்டியலைக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்தான் வகுப்பறையில் நிற்கிறாரா, அவர் சான்றிதழை யாராவது வழங்கிய இடத்தில் கேட்டுப் பார்த்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. கல்விக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் பெற்றோருக்கு, தங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருபவர் என்ன படித்தார் என்று கேட்கும் உரிமை இருப்பதே தெரியாது. கேட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு.

செய்யக்கூடியவை

முதலில், பட்டியல். தீர்ப்பின்படி யார் தேர்வு எழுத வேண்டும், யார் வேண்டியதில்லை என்ற வரைவுப் பட்டியலை ஒவ்வொரு மாவட்டக் கல்வி அலுவலகமும் தயாரித்து, சம்பந்தப்பட்ட ஆசிரியர்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். பிறந்த தேதி, நியமன நாள், பதவி, தேறிய தாள் ஆகியவற்றில் பிழை இருந்தால் ஆவணத்துடன் முறையிட ஒரு மாத அவகாசம் தரலாம். வாக்காளர் பட்டியலுக்கு இதைத்தான் செய்கிறோம். இறுதிப் பட்டியலில் அலுவலரின் கையெழுத்து இருக்க வேண்டும். 2027 செப்டம்பரில் கெடு முடிந்த பிறகு பிழைகளைத் திருத்த உட்கார்ந்தால், ஒவ்வொரு பிழையும் ஒரு வழக்காக உயர் நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

இரண்டாவது, உண்மைத்தன்மை கேட்கும் பொறுப்பை ஆசிரியரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். மாவட்ட அலுவலகம் மாதம் ஒருமுறை, பல்கலைக்கழக வாரியாகத் தொகுத்து, நேரடியாக மின்னஞ்சலிலோ இணைய முகப்பிலோ அனுப்பட்டும். இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. வழக்கறிஞர்களின் பட்டங்களைச் சரிபார்க்க 2023 ஏப்ரலில் உயர்மட்டக் குழுவை அமைத்த உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கறுப்பு அங்கிக்குக் கிடைத்த அந்தச் சலுகையைக் கரும்பலகைக்கும் தர ஓர் அரசாணை போதும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் அரசின் பேச்சைக் கேட்கும் இடத்தில்தான் இருக்கின்றன. அண்மை ஆண்டுச் சான்றிதழ்கள் பல டிஜிலாக்கரில் கிடைக்கின்றன. இன்று பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு படித்தவர்கள் என்பதால், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பழைய மதிப்பெண் பதிவேடுகளைக் கல்வி அலுவலகங்கள் கணினியிலேயே பார்க்கும் வசதி அவசியம்.

மூன்றாவது, காலக்கெடு. கேட்டு 60 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ஆசிரியரிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு அவருக்குரிய பலன்களை வழங்கிவிடலாம். சான்றிதழ் போலி என்று பின்னால் தெரிந்தால் முழுத் தொகையையும் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதோடு, 60 நாளைத் தாண்டிய ஒவ்வொரு கோப்பையும் முதன்மைக் கல்வி அலுவலரின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். போலியைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை: வெகுநாள் பதில் வராத கோப்புகளில்தான் அவை ஒளிந்திருக்கும்.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பக்கத் தகுதிப் பதிவு வேண்டும். சான்றிதழ், வழங்கிய நிறுவனம், உறுதிசெய்த கடிதத்தின் எண்ணும் நாளும், தகுதித் தேர்வு விவரம் ஆகியவை அதில் இருந்தால் போதும். களஞ்சியத்தில் ஆசிரியரே தன் பக்கத்தைத் திறந்து பார்க்க முடிய வேண்டும். ஆண்டு ஊதிய உயர்வு வழங்கும் மாதத்தில் அலுவலரும் ஆசிரியரும் அதை ஒருமுறை சரிபார்த்து ஒப்பமிடலாம். விதி மாறினால் அந்தப் பக்கத்திலேயே, ‘இந்த அறிவிப்பு உங்களுக்குப் பொருந்தும்’ என்ற குறிப்பு வர வேண்டும்.

கெடு முடியும் வரை ஆண்டுக்கு இரண்டு தகுதித் தேர்வாவது நடத்துவதும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் விடுமுறை நாட்களில் பயிற்சி தருவதும் அரசின் கையில் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் ஆசிரியரின் தலையில் கணக்கெடுப்பு, வாக்குச்சாவடிப் பணி என்று மேலும் மேலும் ஏற்றாமல் இருந்தாலே பாதி உதவி.

தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, ஆசிரியர் பெயர், கற்பிக்கும் பாடம், கல்வித் தகுதி, அதைக் கல்வி அலுவலகம் சரிபார்த்த தேதி ஆகியவற்றைச் சேர்க்கை நடக்கும் நாட்களில் பள்ளி வாசலிலும் இணையத்திலும் வெளியிடச் செய்யலாம். கட்டணக் குழு நிர்ணயித்த தொகையை எழுதி வைக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே இதற்கும் இடம் உண்டு.

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகங்களில் ஓரிரு பணியாளர்கள் சம்பளப் பட்டியலையும் ஓய்வூதியக் கோப்பையும் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கிறார்கள். மாவட்டத்துக்கு ஓர் உதவியாளரைத் தகுதிச் சரிபார்ப்புக்கென்றே நியமித்து, வேறு வேலை எதுவும் கொடுக்காமல் விட வேண்டும். அவர் மாறுதலில் போகும்போது, நிலுவையில் உள்ள ஒவ்வொரு கடிதமும் எந்த நாளில், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டது என்ற பட்டியலை அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்த பிறகே பணிவிடுவிப்பு ஆணை வழங்க வேண்டும்.